உள்ளங்கையில் ஒரு சொட்டு

ஜெர்மனியிலிருந்து லீவுக்கு வந்த பெண் வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்பது எங்கள் தெருவுக்கே தெரிந்திருக்கிறது. உட்கார்ந்திருக்க வேண்டும். வருகிறவர்களிடம் சிரிக்க வேண்டும், சாக்லேட் தர வேண்டும், அம்மா கொண்டுவந்து வைப்பதைத் தின்ன வேண்டும். எனக்கு அந்த உட்காருதல்தான் வரவில்லை. கூடத்திலிருந்து வாசலுக்கும் வாசலிலிருந்து கூடத்துக்கும் நடந்துகொண்டே இருந்தேன். மயிலம் ரோட்டில் பஸ் ஹார்ன் கேட்டால் எழுந்துபோய் எட்டிப் பார்த்தேன். எண்ணெய் காயும் வாசம் வந்தால் கால் தானாகச் சமையற்கட்டுப் பக்கம் போனது. அம்மா நிலைப்படியிலேயே மறித்துவிடுவாள்.

"இங்க இன்னாடி வேல ஒனக்கு? போய் ஃபேன் காத்துல குந்து."

"சும்மாதாம்மா."

"சும்மா இருக்கறத அங்க போய் இரு. பொகையில கண்ணு எரியும்."

புகையெல்லாம் எப்போதோ போய்விட்டது. கேஸ் அடுப்பு வந்து பல வருஷம் ஆகிறது. ஆனால் அம்மாவுக்கு அடுப்பு என்றால் இன்னும் புகைதான்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். அப்பா மழைக்குக்கூட அந்தப் பக்கம் ஒதுங்கியதில்லை. அம்மா மூன்றாவது வரை போனாள். அதற்குள் அவளுக்குக் கூழ் காய்ச்ச நன்றாக வந்துவிட்டது. அதுதான் தான் செய்த தப்பு என்பாள். கூலி வேலைக்குப் போன பெரியவர்கள் திரும்பி வரும்போது கட்டி தட்டாத கேப்பைக்கூழ் தயாராக இருந்தது. 'பரவால்லியே, இது வூட்ல இருந்தா எவ்ளோ ஒத்தாச' என்று யாரோ சொன்னார்கள். அத்தோடு அவளுடைய சிலேட்டு பரண்மேல் ஏறிவிட்டது.

நான் ஐந்தாவது படிக்கும்போது, கடலைக்காட்டில் மல்லாட்டை பிடுங்கப் போன அம்மா இருட்டியும் வரவில்லை. நானே உலை வைத்து அரிசி போட்டேன். குழையவிடாமல் வடித்தும் வைத்தேன். முதலில் வந்த அப்பா சோற்றைப் பார்த்துவிட்டு, "பரவால்லியே" என்றார். அந்தச் சொல் காதில் விழும்போதுதான் அம்மா உள்ளே வந்தாள். அவள் அந்தச் சோற்றைத் தொடவில்லை. என் இரண்டு கைகளையும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், எங்காவது சுட்டிருக்கிறதா என்று. பிறகு சொன்னாள்: "இந்தக் கைக்கு இது தெரியக் கூடாது. தெரிஞ்சா உட மாட்டாங்க."

அதற்குப் பிறகு நான் அடுப்புப் பக்கம் போகவில்லை. விழுப்புரத்தில் ஹாஸ்டலில் தங்கிப் படித்தபோது மெஸ்ஸில் போட்டதைத் தின்றேன். எனக்குச் சமைக்கத் தெரியாது என்பதை அம்மா ஒரு பட்டம் மாதிரி ஊரெல்லாம் சொல்லி வந்தாள். நூறு நாள் திட்டத்து ஏரி வேலைக்குப் போன இடத்திலும் அதைத்தான் சொல்வாள்: "எம் பொண்ணுக்கு வெந்நி வெக்கக்கூடத் தெரியாது." எனக்கும் அதில் பெருமைதான். என் வயதுப் பெண்கள் மாவரைத்துக்கொண்டிருந்த நேரத்தில் நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். இன்ஜினியரிங் முடித்தேன், சென்னையில் வேலை பார்த்தேன், அங்கிருந்து ஜெர்மனிக்குப் போனேன். வெந்நி வைக்கத் தெரியாமலே போனேன்.

அந்த ஊரில் ராத்திரிச் சாப்பாடு சூடாக இருக்க வேண்டும் என்ற எண்ணமே யாருக்கும் இல்லை. ரொட்டி, சீஸ், ஊறுகாய் போட்ட வெள்ளரிக்காய், எல்லாம் ஃபிரிட்ஜிலிருந்து நேராகத் தட்டுக்கு வரும். மத்தியானம் கம்பெனி கேன்டீனில் வெந்த உருளைக்கிழங்கும் ஏதோ ஒரு குழம்பும் கிடைக்கும். வயிறு நிறையும். ஆனாலும் எழுந்து எதையோ தேடுவேன். டப்பாக்களைத் திறந்து பார்ப்பேன், மூடுவேன், ஜன்னல் வரை போவேன், மறுபடி வந்து அதே டப்பாக்களைத் திறப்பேன். ஒரு சாயங்காலம் ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, தின்னாமல், சமையலறையைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தேன். வீட்டில் உடன் தங்கியிருந்த ஸ்பெயின்காரி, எதையாவது தொலைத்துவிட்டாயா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அவளும் சேர்ந்து தரையைத் தேட ஆரம்பித்துவிட்டாள்.

அம்மாவிடம் கேட்க முடியவில்லை. கேட்டால் விஷயம் தெரிந்துவிடும். அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் சமைக்கிற நேரம் பார்த்து வீடியோ காலில் கூப்பிட ஆரம்பித்தேன். அவளுக்கு உச்சி வெயில், எனக்குக் காலை. அம்மா போனை உப்பு ஜாடிமேல் சாய்த்து வைத்துவிட்டுப் பேசிக்கொண்டே ஆக்குவாள். நான் போனை ஜன்னல் விளிம்பில் சாய்த்து, என் முகமும் பின்னால் சுவரும் மட்டும் தெரிகிற மாதிரி நின்றுகொண்டு, கீழே அவள் செய்வதைச் செய்வேன். அவள் புளி கரைத்தால் நானும் கரைப்பேன். தாளிக்கும்போது மட்டும் மைக்கை அணைத்துவிடுவேன்.

"இன்னாடி, வாய் மட்டும் அசையுது, சத்தம் வர்ல."

"நெட்டு சரியில்லம்மா."

"காலங்காத்தால ஏன் இப்டி வேர்த்துக்கினு நிக்கற?"

"எக்சர்சைஸ் பண்றேன்."

எத்தனையோ குழம்பு கெட்டது. அந்த மின்சார அடுப்பை அணைத்த பிறகும் அதன் இரும்புத் தட்டு சுட்டுக்கொண்டே இருக்கும். அது தெரியாமல் அடிப்பிடிக்கவிட்டேன். எண்ணெய் தெறித்து வலது மணிக்கட்டில் கொப்புளம் வந்து தழும்பானது. இலங்கைத் தமிழர் கடை ஒன்றில் நெத்திலிக் கருவாடு கிடைத்தது. கத்திரிக்காய் கிடைத்தது, ஆனால் பஞ்சு மாதிரி இருந்தது. அங்கே மலிந்து கிடந்தது நூக்கோல்தான். அதைத் தோல் சீவிக் கருவாட்டுக் குழம்பில் போட்டேன். மெல்ல வெந்தது, காரத்தை இழுத்துக்கொண்டது, ஆனால் கரையவில்லை. அன்றைக்கு அடுப்படியிலேயே நின்றுகொண்டு, சூடு ஆறுவதற்குள், சோறு முழுவதையும் தின்றுவிட்டேன். ஸ்பெயின்காரி எல்லா ஜன்னலையும் திறந்துவிட்டுப் போனாள்.

பரீட்சை இல்லாமல், யார் சொல்லியும் இல்லாமல் நான் கற்றுக்கொண்ட முதல் விஷயம் அது. நான் எதைக் கற்றாலும் முதலில் அம்மாவிடம்தான் காட்டுவேன். இதை மட்டும் காட்ட முடியாமல் இருந்தது. அவள் என் குழம்பில் ஒரு வாய் தின்று நல்லது கெட்டது சொல்ல வேண்டும். இந்த லீவுக்கு வரும்போது எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். அதைக் கேட்பதற்கு வழிதான் தெரியவில்லை.

மாட்டிக்கொண்டது ஒரு மத்தியானம். அடுப்பில் வாளைக் கருவாட்டுக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. தெருக் குழாயில் தண்ணீர் வந்துவிட்டது என்று அம்மா குடத்தோடு ஓடினாள். வாசம் என்னை இழுத்தது. கரண்டியை எடுத்தேன். இடது உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டேன். நக்கிப் பார்த்தேன். உப்பு போதவில்லை. ஜாடியிலிருந்து கல்லுப்பை மூன்று விரலால் எடுத்துப் போட்டு, தீயைக் குறைத்து, மூடியைச் சாய்த்து வைத்தேன். இதில் எதையும் நான் யோசித்துச் செய்யவில்லை. திரும்பினால் இடுப்பில் குடத்தோடு அம்மா நிற்கிறாள்.

"இன்னா போட்ட?"

"உப்பு. கம்மியா இருந்துச்சு."

"கையில ஊத்திப் பாத்தியே, அது யாரு கத்துக் குடுத்தா?"

"யாருமில்ல. நீ பண்றதப் பாத்துதான்."

அம்மா குடத்தை இறக்கி வைத்தாள். என் வலது கையைப் பிடித்துத் திருப்பினாள். தழும்பின்மேல் கட்டைவிரலை வைத்தாள்.

"கம்பெனியில சோறு போட்றாங்கன்னு சொன்ன."

"மத்தியானம் போட்றாங்கம்மா. ராத்திரிக்குப் போட மாட்டாங்க."

"அடுப்பூதறதுக்கா அவ்ளோ தூரம் போன? அது இங்கியே இருக்குதே."

அதற்குமேல் அவள் பேசவில்லை. அன்றைக்கும் மறுநாளும் பேசவில்லை. தட்டை வைப்பாள், போய்விடுவாள். திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். ஞாயிற்றுக்கிழமை விழுப்புரத்திலிருந்து என்னைப் பெண் பார்க்க வருவதாக இருந்தார்கள். அன்றைக்கும் அம்மா இப்படியே இருந்தால் என்ன ஆவது என்று அப்பாவுக்குக் கவலை.

சனிக்கிழமை அம்மா களை எடுக்கப் போனதும் நான் பஸ் ஏறித் திண்டிவனம் போனேன். மார்க்கெட்டில் நூக்கோல் வாங்கினேன், இலையோடு. கருவாட்டுக்காரம்மாவிடம் நெத்திலி வாங்கினேன். பாதி வழி வரை நின்றுகொண்டேதான் வந்தேன், இடம் இருந்தும். வீட்டுக்கு வந்து, எங்கள் வீட்டு அடுப்பைப் பற்ற வைத்தேன். ஐந்தாம் வகுப்புக்குப் பிறகு இப்போதுதான்.

அம்மா வரும்போது குழம்பும் சோறும் தயாராக இருந்தன. காலைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்தவள் சட்டியைப் பார்த்தாள்.

"எனக்குப் பசிக்கல."

அப்பா உட்கார்ந்தார். ஒரு வாய் வைத்தார். "பரவா..." என்று ஆரம்பித்து, அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, மிச்சத்தைச் சோற்றோடு சேர்த்து விழுங்கினார். சீக்கிரமாகத் தின்று எழுந்து வெளியே போய்விட்டார்.

அம்மா சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். நான் நின்றேன், நடந்தேன், துடைத்த மேடையையே மறுபடி துடைத்தேன்.

"ஏய், ஒரு எடத்துல நில்லு. தல சுத்துது" என்றாள். பிறகு, "அதுல இன்னா வெள்ளையா மெதக்குது?"

"நூக்கோலு."

"கருவாட்டுல நூக்கோலா? எவ சொன்னா?"

"அங்க அதுதான் கெடைக்குது."

தட்டை இழுத்துக்கொண்டாள். கொஞ்சமாகப் போட்டுத் தின்றாள். ஒரு துண்டு நூக்கோலை விரலால் நசுக்கிப் பார்த்து வாயில் வைத்தாள். நான் பரீட்சை ரிசல்ட்டுக்குக்கூட அப்படி நின்றதில்லை.

"புளி தூக்கல்" என்றாள். இன்னொரு கரண்டி ஊற்றிக்கொண்டாள். "அங்க நீ ஆக்குனா மொதல்ல யாருக்குப் போடுவ?"

"யாருக்குப் போடறது? நான் ஒருத்திதான இருக்கேன்."

"நீயே மொதல்ல தின்னுடுவியா?"

"ஆமா."

"சூடாவா?"

"எறக்குன ஒடனே."

அம்மா மென்றுகொண்டிருந்தாள். இறக்கின உடனே அவள் தின்று நான் பார்த்ததில்லை. எல்லோரும் தின்று முடித்த பிறகு, சட்டியின் அடியில் ஆறிப்போனதை வழித்துப் போட்டுக்கொள்வாள். அதைச் சோறு ஆக்குகிறவளின் பங்கு என்று நானும் நினைத்திருக்கிறேன்.

"யாரும் வந்து தட்டத் தூக்கிக்கினு நிக்க மாட்டாங்களா?"

"மாட்டாங்க."

"அப்டின்னா சரி" என்றாள். கையைக் கழுவிக்கொண்டு வந்து, முந்தானையில் துடைத்தபடி சொன்னாள்: "நாளைக்கு வர்றவங்க கிட்ட மட்டும் வாயத் தொறக்காத."

மறுநாள் பையனின் அம்மாவும் அத்தையும் வந்தார்கள். பையனுக்குச் சென்னையில் வேலை; கல்யாணம் ஆனால் அவனும் ஜெர்மனிக்கு வருவானாம். வேலையைப் பற்றி இரண்டு கேள்வி கேட்டார்கள். பிறகு பையனின் அம்மா கேட்டார்:

"சமையலெல்லாம் வருங்களா?"

"வராதுங்க" என்றாள் அம்மா.

"சாதாரணமா ஒரு கொழம்பு, ரசம்?"

"வெந்நி வெக்கக்கூட வராதுங்க. நான் கத்துக் குடுக்கல."

அத்தைக்காரி சிரித்தார். "அப்ப எங்க புள்ள அங்க வந்து பட்டினியாங்க?"

"அவரு கத்துக்கட்டுங்க. கடையில எல்லாம் கெடைக்குதாம்."

எனக்கு நாக்கு அரித்தது. எனக்கு வரும், நூக்கோல் போட்டுக் கருவாட்டுக் குழம்பு வைப்பேன், உங்கள் வீட்டில் யாரும் தின்றிருக்க மாட்டீர்கள் என்று சொல்ல வேண்டும்போல இருந்தது. தெரிந்த ஒன்றைத் தெரியாது என்று யாராவது சொன்னால் எனக்குப் பொறுக்காது, சின்ன வயதிலிருந்தே. டம்ளரை வாயில் வைத்துக்கொண்டேன். அத்தைக்காரியின் கண் என் மணிக்கட்டில் நின்றது.

"கையில இன்னாம்மா தழும்பு?"

"கம்பெனியில மிஷின் பட்டுடுச்சுங்க" என்றாள் அம்மா, நான் மூச்சு விடுவதற்குள்.

கலந்து பேசிச் சொல்லி அனுப்புகிறோம் என்று போனார்கள். நான் விமானம் ஏறும் வரை ஒன்றும் சொல்லி அனுப்பவில்லை. அப்பா போனை எடுத்து எடுத்துப் பார்த்தார். அம்மா அதைப் பற்றிக் கேட்கவே இல்லை.

ஜெர்மனிக்குத் திரும்பி வந்த பிறகு முதல் ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டேன். இந்தத் தடவை போனைக் கீழே இறக்கி, அடுப்பும் சட்டியும் தெரிகிற மாதிரி வைத்தேன். அம்மா அதைப் பார்த்தாள். தன் போனையும் சட்டிப் பக்கம் சாய்த்தாள். அவள் சட்டியிலும் நூக்கோல் கொதித்துக்கொண்டிருந்தது.

"புளிய கம்மியா ஊத்து" என்றாள்.

இரண்டு பேரும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் இறக்கினோம். எனக்குத் தட்டில் போட்டுக்கொண்டேன்.

"நீயும் போட்டுக்கோம்மா."

"உங்கப்பா வர்ட்டும். வெளிய போயிருக்குது."

"வர்ட்டும். வந்தா அவருக்கும் போடு. நீ இப்ப தின்னு."

"பேஜாரு பண்ணாதடி."

"சூடா இருக்கும்போதே தின்னும்மா. நான் பாக்கணும்."

அம்மா வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். கையை நீட்டித் தட்டை எடுத்தாள். சோற்றுக் கரண்டியை எடுத்தாள். அதற்குள் நெட் நின்றுவிட்டது. ஒரு கையில் தட்டும் ஒரு கையில் கரண்டியுமாகப் படம் அப்படியே உறைந்துபோனது. போனைத் தூக்கிக்கொண்டு ஜன்னலுக்குப் போனேன், கூடத்துக்குப் போனேன், மறுபடி ஜன்னலுக்கு வந்தேன். படத்தில் அவள் கையில் தட்டு அப்படியே இருந்தது. என் சோறு அடுப்படியில் ஆறிக்கொண்டிருந்தது.