இரண்டு பாஷைக் குடித்தனம்

பல்செட்டின் மேல்தாடையையும் கீழ்த்தாடையையும் காதருகே வைத்து ஒருமுறை கடிக்கவிட்டுப் பார்க்கிறாள். சத்தம் பிடிக்கவில்லை. கடைவாய்ப் பல்லின் முனையில் அரத்தால் இரண்டே இழுப்பு. மறுபடி காதருகே. "இப்ப சரி. இனிமே இவரு யாரை வேணா கடிக்கலாம்."

பல் டாக்டர்கள் வாயை அச்செடுத்து அனுப்புவார்கள். அதற்குப் பல்செட் கட்டித் தருவது அவள் வேலை. தெருவுக்கே அவள் பல்லக்கா. வீட்டின் கீழ்த்தளம்தான் பட்டறை. ஒற்றை ஜன்னல், அதன் கீழே மேஜை, மெழுகு உருக்கும் சின்ன விளக்கு, சுவர் நெடுகப் பலகைகளில் பிளாஸ்டர் வாய்கள். "இத்தனை வாய் இருக்கு என்கிட்ட. சாட்சி சொல்ல ஒண்ணு வராது" என்பாள். சொல்லிவிட்டுச் சிரிக்கும்போது உதடு பிரியாது. எதிராளியின் கண்ணைப் பார்க்காமல் வாயையே பார்த்துப் பேசுகிறவள், தன் பல்லை மட்டும் யாருக்கும் காட்டுவதில்லை.

சாட்சி வேண்டியிருப்பது இந்த வீட்டுக்காக. வீடு கணவர் பெயரில் இருக்கிறது. கணவர் வேறு தேசத்துக்காரர். தொழிற்சாலையில் இயந்திரம் பொருத்த வந்த இடத்தில் முன்பல் உடைந்து, அந்த இடைவெளி வழியாக இவள் வாழ்க்கைக்குள் நுழைந்தவர். இவள் செய்து கொடுத்த பல்லோடு பதினைந்து வருடம் குடும்பம் நடத்தினார். அம்மாவுக்கு முடியவில்லை என்று ஊருக்குப் போனவர் திரும்பவில்லை. அங்கிருந்தபடியே விவாகரத்துத் தீர்ப்பும் வாங்கிவிட்டார். அடுத்து வீட்டை விற்கத் தரகரை அனுப்பினார். தரகர் பட்டறையை நடந்து அளந்து, "இங்க ரெண்டு கார் நிறுத்தலாம்" என்றார். மறுநாள் அவள் வக்கீல் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"மேல்வீட்டை என்ன வேணா பண்ணிக்கட்டும். கீழ மட்டும் எனக்கு வேணும். மாசாமாசம் சாப்பாட்டுக்கு ஏதாவது குடுக்கணும். கை நடுங்க ஆரம்பிச்சிருச்சு. இன்னும் எத்தனை வருஷம் அரம் பிடிப்பேன்?"

அந்த வீட்டின் பேச்சு வழக்கம் வினோதமானது. அவர் தன் பாஷையில் கேட்பார், இவள் தமிழில் பதில் சொல்வாள். இவள் தமிழில் திட்டுவாள், அவர் தன் பாஷையில் சமாதானம் சொல்வார். கடைசிவரை யாரும் அடுத்தவர் பாஷைக்குள் காலை வைக்கவில்லை. வாசலில் நின்றே பேசிக்கொண்டார்கள். அவர் பாஷையைக் காதால் அறிந்தவளுக்கு அதன் எழுத்து மட்டும் ஒன்றுகூடத் தெரியாது. ஊருக்குக் கிளம்புமுன் அவர் நீட்டிய தாளில் அந்த எழுத்துதான் இருந்தது. 'வீட்டில் எனக்கு எந்த உரிமையும் இல்லை' என்று இவள் சொல்வதாக அதில் எழுதியிருந்ததாம். "பிரயாணத்துக்குன்னாரு. கையெழுத்துப் போட்டேன். புருஷன் நீட்டினதை யாரு விளக்குப் போட்டுப் பார்ப்பா?"

வக்கீலம்மா யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். "பேசினா புரியும், படிக்கத் தெரியாதுன்னு சொன்னா யாரும் நம்ப மாட்டாங்கம்மா. அவர் பாஷையே தெரியாதுன்னு சொல்லிடுவோம். மொழிபெயர்ப்பாளர் சொல்லி முடிச்சப்புறம்தான் நீங்க வாயைத் திறக்கணும்."

எதிர்த்தரப்பும் இளைத்ததல்ல. 'கீழ்வீடு அவளுக்குத்தான்' என்று அவர் தன்னிடம் அரைகுறைத் தமிழில் சொன்னதாக வீடு கட்டிய கொத்தனார் சொல்லியிருந்தார். எங்கள் கட்சிக்காரருக்குத் தமிழே தெரியாது, அப்புறம் எப்படிச் சொல்வார் என்று மடக்கியிருந்தார்கள்.

வாய்தாவுக்கு முன்பு தங்கை வந்து ஒத்திகை பார்த்தாள். வாய்க்கு வந்ததையெல்லாம் அந்த ஊர் பாஷை போல உளறிவிட்டு அக்காவின் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"கண்ணு சிமிட்டுற. புரிஞ்ச மாதிரி இருக்கு மூஞ்சி."

"மூஞ்சிய எங்கடி கொண்டுபோய் வைக்கிறது?"

"அதோ பலகையில இருக்கே, அந்த வாய் மாதிரி வச்சுக்க. மாமா பேசறப்ப..." என்று தொடங்கியவள் நாக்கைக் கடித்துக்கொண்டு, "அந்த ஆளு பேசறப்ப" என்று திருத்தினாள்.

நீதிமன்றத்தில் அவர் திரையில் வந்தார். பின்னால் வெள்ளைச் சுவர். வழக்கம்போல அவள் வாயைத்தான் பார்த்தாள். முன்பல் மாறியிருந்தது. பக்கத்துப் பல்லோடு ஒட்டாத வெளுப்பு, யாரோ அவசரத்தில் பொருத்தியது. "அது என் பல்லு இல்ல" என்று பின்னால் இருந்த தங்கைக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள். பிறகு வாயை மூடிக்கொண்டாள். மொழிபெயர்க்கும் பெண் பக்கத்து நாற்காலியில் இருந்தாள். வீடு முழுக்கத் தன் உழைப்பு, மனைவியின் பங்கு எதுவும் இல்லை என்று அவர் சொன்னார். அவள் பிளாஸ்டர்போல இருந்தாள். வக்கீலம்மாவுக்கே பெருமையாக இருந்தது.

கட்டுமானத்தைப் பற்றி அவருடைய வக்கீல் விவரம் கேட்டார். தளம் போட்டது எப்போது? அவர் யோசித்தார். ஞாபகம் தட்டினால் தலையை இடப்பக்கம் லேசாகச் சாய்ப்பார். சாப்பாட்டு மேஜையில் அவள் உட்காரும் பக்கம். இப்போதும் சாய்த்து, தன் பாஷையில் கேட்டார். மழைக்கு முன்னாலா, பின்னாலா?

"முன்னாடி" என்றாள் அவள். "தளம் நனைஞ்சிடும்னு நீங்கதானே தார்ப்பாய் வாங்கப் போனீங்க."

அவர் தலையாட்டிவிட்டு, மழைக்கு முன்னால் என்று தன் பாஷையில் நீதிபதிக்குப் பதில் சொன்னார்.

இருவர் பேச்சையும் மொழிபெயர்க்க அந்தப் பெண் இன்னும் வாயே திறந்திருக்கவில்லை. தட்டச்சுச் சத்தம் நின்றது. நீதிபதி கண்ணாடியைக் கழற்றி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "நடந்ததை அப்படியே பதிவு பண்ணுங்க" என்று எழுத்தரிடம் சொன்னார். திரையில் அவர் கையை வாய்மேல் வைத்துக்கொண்டார்.

தாழ்வாரத்துக்கு வந்ததும் வக்கீலம்மா கோபமாகத் திரும்பினார். "அவர் பொய் உடைஞ்சுது, நல்லது. கொத்தனார் சொன்னது இனி நிக்கும். நம்ம பொய்யும் சேர்ந்துல்ல உடைஞ்சுது. அந்தக் கையெழுத்தை இனி எதை வச்சும்மா உடைக்கிறது?"

"எனக்குப் படிக்கத் தெரியாதுங்க. அது நெஜம்."

"முதல்லயே சொல்லியிருந்தா நெஜம். இப்ப சொன்னா சாக்கு."

பேருந்தில் தங்கை இருவருக்கும் டிக்கெட் எடுத்தாள். இறங்கும் நேரத்தில்தான் சொன்னாள். "ரெண்டு வருஷத்துல அந்த ஆளு உன்கிட்ட பேசின பேச்சு அது ஒண்ணுதான். அதுக்கும் பதில் சொல்லிட்டு வந்திருக்க."

"கேட்டாரு, சொன்னேன்" என்றாள் பல்லக்கா.

கீழ்த்தளம் கிடைக்குமா என்று வக்கீலம்மா இப்போது உறுதியாகச் சொல்வதில்லை. ஜீவனாம்சத்தில் ஏதாவது தேறும், வீடு கஷ்டம் என்கிறார். தரகர் அவ்வப்போது தெருமுனையில் வண்டியை நிறுத்தி வீட்டைப் பார்த்துவிட்டுப் போகிறார். டாக்டர்கள் அனுப்பும் வேலையில் பாதியை அவள் திருப்பி அனுப்புகிறாள். கேட்டால், "முடிக்கறவரைக்கும் இடம் இருக்கணும்ல" என்கிறாள்.

அடுத்த வாய்தாவில் திரை கறுப்பாகவே இருந்தது. கேமராவை அவர் அணைத்து வைத்திருந்தார். குரல் மட்டும் வந்தது. பதிவுக்கு மொழிபெயர்ப்பு வேண்டும் என்பது விதி. அதனால் மொழிபெயர்க்கும் பெண் வந்து, இவளுக்குப் பக்கத்தில் உட்காரப்போனாள். பல்லக்கா நிமிர்ந்து பார்க்காமல், அவர் குரலில் காதை வைத்தபடியே, மடியிலிருந்த கைப்பையை எடுத்து அந்த நாற்காலியில் வைத்தாள்.