அத்தையின் பெயரைச் சொல்லிப் பாடம் நடத்திய அக்கா

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு நிறைவுறும் இந்நாளில் வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். இந்த நினைவு மலரில் பெருமைகளை மட்டும் எழுதினால் அக்காவுக்குப் பிடிக்காது. அவரே சொல்லி வந்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

அக்கா இண்டூரில் விவசாயக் குடும்பத்தில் மூத்த மகளாகப் பிறந்தார். மழை இல்லாத வருடங்களில் அப்பா கிணறு வெட்டும் கூலிக்குப் போய் அவரைப் படிக்க வைத்தார். எங்கள் உறவில் முதல் டாக்டர் அக்காதான். பாப்பிரெட்டிப்பட்டி பக்கம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அவர் வேலை பார்த்தபோது, அப்பாவின் தங்கையான மாதம்மாள் அத்தை சர்க்கரை நோய்க்காகக் காரிமங்கலத்திலிருந்து பஸ் ஏறி வருவார். வேறு எந்த டாக்டரிடமும் காட்டமாட்டார்.

அத்தைக்குப் புகையிலைப் பழக்கம் உண்டு. குழம்பு பட்டால் வாய் எரிகிறது என்று ஒருமுறை சொன்னார். அக்கா சத்து மாத்திரை எழுதினார். அடுத்த முறையும் சொன்னார், மாத்திரையை மாற்றினார். கன்னத்தை விலக்கி உள்ளே பார்க்கவில்லை. வாய்க்குள் இருப்பதெல்லாம் பல் டாக்டரின் பொறுப்பு என்ற நினைப்பிலேயே படித்து வந்தவர் அவர். அத்தையின் மகன், எங்கள் மாமா, தருமபுரியில் ஒரு பல் டாக்டரிடம் கூட்டிப் போனபோது கன்னத்தின் உட்புறம் புற்றுநோய் முற்றியிருந்தது.

மாமா அக்காவை எதிரில் வைத்துக்கொண்டே கோபத்தில் பேசினார். அத்தைதான் அவரை அடக்கினார்.

"அவ பாத்திருந்தா சொல்லியிருப்பா. பாக்கலடா, அவ்ளோதான்."

திட்டியிருந்தால்கூட அக்காவுக்கு அவ்வளவு வலித்திருக்காது. அத்தையின் சாவுக்குப் போனவர் பந்தலுக்கு வெளியிலேயே நின்றுவிட்டுத் திரும்பினார்.

பிறகு அந்தப் பல் டாக்டரிடமே போய், வாயை எப்படிப் பரிசோதிப்பது என்று கற்றார். நர்சுகளுக்கும் சுகாதார நிலைய டாக்டர்களுக்குமான பயிற்சியில் வாய் நலத்தைச் சேர்க்கச் சொல்லி அலைந்தார். அது நம் வேலையில்லை என்று சொல்லி அதிகாரிகள் திருப்பி அனுப்பினார்கள். கடைசியில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, எல்லோருக்கும் கண் சொருகும் நேரத்தில், ஒரு வகுப்பு கொடுத்தார்கள். ஒருவர் வாயை மற்றவர் டார்ச் அடித்துப் பார்க்கச் சொன்னால் வந்தவர்கள் கூச்சப்படுவார்கள். அக்கா முதலில் தன் வாயைத் திறந்து காட்டுவார். அப்புறம் தன் அத்தைக்குத் தான் செய்ததைச் சொல்வார்.

செய்தி உறவுக்குள் பரவியது. அம்மாவால் விசேஷங்களில் தலைகாட்ட முடியவில்லை. எங்களுக்கும் அவமானமாக இருந்தது. யாரோ ஒரு நோயாளி என்று சொல்லக்கூடாதா என்று அம்மா அழுதார். அக்கா இணங்கினார். அதன் பின் வகுப்புகளில் யாரோ ஒரு அம்மா என்றே சொன்னார். முன்பு தவறுக்காக வெட்கப்பட்டவர், இப்போது அதை மறைப்பதற்காகவும் வெட்கப்பட்டார்.

காரிமங்கலத்தில் ஒரு வகுப்பு நடந்தது. கேள்விப்பட்டு மாமா வந்து வாசலில் நின்று முழுவதையும் கேட்டார். முடிந்ததும் உள்ளே வந்தார்.

"யாரோ ஒரு அம்மான்னு ஏன் சொல்ற? எங்கம்மா பேரச் சொல்லியே சொல்லு."

"சரிங்க மாமா" என்றார் அக்கா. அவரால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

அன்றிலிருந்து ஒவ்வொரு வகுப்பிலும் அத்தையின் பெயரைச் சொன்னார். அவரிடம் பயின்ற நர்ஸ் ஒருவர், காய்ச்சலுக்கு வந்த விவசாயியின் வாயில், புற்றாக மாறக்கூடிய வெள்ளைத் திட்டைக் கண்டுபிடித்து, காலத்தோடு சிகிச்சைக்கு அனுப்பியதாகப் போனில் சொன்னார். நல்லதும்மா என்று மட்டும் சொல்லிவிட்டு அக்கா போனை வைத்தார். அந்த வெட்கம் கடைசிவரை அவரை விடவில்லை. விட வேண்டும் என்று அவரும் விரும்பவில்லை.

சிறுநீரகம் பழுதாகிப் படுக்கையில் இருந்தபோது அக்காவைக் கவனித்துக்கொண்ட டாக்டர்களுக்கும் நர்சுகளுக்கும், இறுதிக் காரியங்களில் தோள் கொடுத்த ஊராருக்கும் எங்கள் நன்றி. மாமாவுக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். இந்த மலருக்காக அவர் வீட்டுச் சுவரிலிருந்து ஒரு படத்தைக் கழற்றிக் கொடுத்தார்.

அடுத்த பக்கத்தில், அக்காவின் படத்துக்கு மேலே இருப்பவர் மாதம்மாள் அத்தை. அந்த இடம் அக்கா சொல்லிவிட்டுப் போனது.