ஆலமரத்து முக்கு

பேய் பிசாசு என்று யாராவது பேச்செடுத்தால் நான்தான் முதல் ஆளாகக் கிண்டல் செய்வேன். மண்டபம் ஊர்க்காரன், பன்னிரண்டு வருஷமாக ஆட்டோ ஓட்டுகிறவன், சுடுகாட்டுப் பாதையில்கூடப் பாட்டுப் போட்டுக்கொண்டு போயிருக்கிறேன். சிரிக்கிறீர்கள், தெரிகிறது. சிரியுங்கள். இது நடந்தது நட்ட நடுப் பகலில், மதியத் தொழுகைக்குப் பாங்கு சொல்லி முடித்த நேரம்.

அப்போதுதான் ராமநாதபுரம் ஸ்டாண்டுக்கு மாறி வந்திருந்தேன். டவுனுக்கு வெளியே பிளாட் போட்டுப் புதிது புதிதாக வீடு முளைக்கிற ஏரியாவெல்லாம் எனக்குப் பிடிபடவில்லை. ஒரு தடவை சவாரி வந்து நம்பர் வாங்கிப் போயிருந்த ரஹீமா என்ற பெண் போன் செய்தாள். புருஷன் சவூதியில், வீட்டில் அவளும் மூன்று வயசுப் பையனும்தான்.

"அண்ணே, பிள்ளைக்குக் காச்ச முத்திப்போயி கை காலெல்லாம் வெட்டி வெட்டி இழுக்குதுண்ணே, கண்ணு சொருகுது! வெரசா வாங்கண்ணே!"

"அந்தப் பக்கம் வந்ததில்லையேம்மா, அடையாளம் சொல்லு."

"தண்ணி டேங்கு தாண்டி ஆலமரத்து முக்குல சோத்தாங்கைப் பக்கம் திரும்புங்க. பச்சை கேட்டு."

கண் மண் தெரியாமல் விரட்டினேன். டேங்க் வந்தது, அடுத்து ஆலமரம் வந்தது, ரோட்டுக்கே குடை பிடித்த மாதிரி அப்படி ஒரு மரம், விழுது ஒன்று ஆட்டோ கூரையில் உரசிய சத்தம்கூடக் கேட்டது, திரும்பினேன், பச்சை கேட். பையனுக்கு உதடு நீலம் பாரித்திருந்தது. ரஹீமா காட்டிய பின்பக்கக் குறுக்கு ரோட்டில் ஆஸ்பத்திரிக்குப் பறந்தோம். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கஷ்டம் என்றார் டாக்டர். பையன் பிழைத்துக்கொண்டான். எனக்கே அழுகை வந்துவிட்டது.

மறுநாள் அவர்களை வீட்டில் விடப் போனேன். டேங்கைத் தாண்டினால் மரத்தைக் காணோம். முக்கில் ஒரு டிரான்ஸ்பார்மரும் கருவேலம் புதரும்தான்.

"ஏம்மா, ஆலமரம் எங்க?"

"அத பிளாட்டுப் போடையிலயே வெட்டிட்டாகளாம்ண்ணே. நாங்க குடிவந்து நாலு வருசம், நானே பாத்ததில்ல. இங்கன எல்லாரும் அப்படித்தான் அடையாளம் சொல்லுவாக, பதட்டத்துல அதே வாயில வந்துருச்சு. பொறவு, அல்லாவே, இல்லாத மரத்தைச் சொல்லிட்டமேன்னு திரும்பப் போன் போட்டேன், நீங்க எடுக்கல."

இருவரையும் பச்சை கேட்டில் இறக்கிவிட்டு வந்தேன்.

அவளிடம் சொல்லாததை, என் சம்சாரத்திடமும் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன். அந்த மரத்தடியில் ஒரு பொம்பளை நின்றாள். தோளில் துவண்டு கிடந்த பிள்ளையோடு கையை நீட்டி வண்டியை மறித்தாள். நின்றால் ரஹீமா பையன் என்ன ஆவானோ என்ற பயத்தில் நான் நிற்கவில்லை. "இந்தா, அஞ்சு நிமிசத்துல வந்துர்றேன்மா!" என்று கத்திவிட்டுத் திருப்பினேன். பாவி, நம்பிவிட்டாள். பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு வேரில் உட்கார்ந்ததைக் கண்ணாடியில் பார்த்தேன்.

இப்போதும் அந்தப் பக்கம் காலி வண்டியோடு போனால், முக்கில் ஒரு நிமிஷம் நிறுத்துகிறேன். பிறகு கண்ணாடியை மடக்கி வைத்துவிட்டு, பின் சீட்டைத் திரும்பிப் பார்க்காமல், ஆஸ்பத்திரி வாசல் வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வருகிறேன்.