பஞ்சத்துக்கு ஓர் ஒத்திகை

பெரியப்பா யாழ்ப்பாணத்திலிருந்து அப்பாவுக்கு எழுதிய கடிதம் ஒன்று என்னிடம் இருக்கிறது. ஆண்டும் மாதமும் தெளிவாக இருக்கின்றன: 1966, மார்கழி. நாளின் மேல் மழைத்தண்ணீர் பட்டிருக்கிறது. ஒன்பதாகவும் இருக்கலாம், பத்தொன்பதாகவும் இருக்கலாம். அரசாங்கம் ஆளுக்கு வாரந்தோறும் தரும் கூப்பன் அரிசியை இரண்டு கொத்திலிருந்து, அதாவது நான்கு இறாத்தலிலிருந்து, ஒரு கொத்தாகக் குறைக்கும் செய்தியைச் சொல்வதால் பத்தொன்பதை ஒட்டியதாக இருக்கவேண்டும் என்று கணிக்கிறேன். கடிதத்தின் முக்கால் பங்கு அரிசியைப் பற்றியது. கடைசி இரண்டு வரிகள் மட்டும் என்னைப் பற்றியவை. "காலம் இன்னும் கெடும் போலிருக்கிறது. தை பிறக்கப் பள்ளிக்கூடமும் தொடங்கும். பிள்ளையை இங்கே விட்டால் உங்களுக்கு ஒரு வாய் குறையும்."

எனக்கு அப்போது ஒன்பது வயது. கிளிநொச்சிக்குப் பக்கத்தில் வட்டக்கச்சியில் எங்களுக்கு மூன்று ஏக்கர் வயல் இருந்தது. வயல்காரர் வீட்டில் அரிசிக்கு ஏன் கவலை என்று கேட்கலாம். மார்கழியில் வயல் பச்சையாகத்தான் நிற்கும். போன வருட நெல் முடிந்திருக்கும். புது நெல் மாசிக்கு முன் வராது. அந்த இடைப்பட்ட மாதங்களைச் கூட்டுறவுச் சங்கக்கடைக் கூப்பன் அரிசிதான் கடத்தித் தரும். அது பாதியானால் என்ன செய்வது என்று ஊர் முழுவதும் பேச்சு. அடுத்த மாதம் அந்த ஒரு கொத்தும் நின்றுவிடும் என்று ஒருவர் சொல்ல, இல்லை, மாவும் சேர்ந்து நிற்கும் என்று இன்னொருவர் சொல்வார்.

வீட்டில் நாங்கள் நான்கு கூப்பன்காரர். அப்பா, அம்மா, நான், வயலுக்கு உதவியாக எங்களோடு தங்கியிருந்த அம்மாவின் தம்பி. என் தம்பி தவழ்ந்துகொண்டிருந்தான், அவன் கணக்கில் வராதவன். மாமாவோ கணக்கில் அடங்காதவர். சோற்றுக் கோப்பையின் முன் அவர் குந்தினால் அம்மா பானையைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொள்வார்.

அப்பா கடிதத்தை இரண்டு முறை வாசித்தார். தமையன் சொல்லைத் தட்டிப் பழக்கமில்லாதவர். கடிதத்தை மடித்து அம்மாவிடம் நீட்டினார். நான் குசினி வாசலில் நின்று அம்மாவின் முகத்தைப் பார்த்தேன்.

"ஒரு கிழமை கூப்பன் அரிசியைத் தொடாமல் இருந்து பாப்பம்" என்றார் அம்மா. "ஏலாட்டி அவர் வந்து பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகட்டும்."

"அக்கா, பஞ்சம் தன்ரை பாட்டிலை வரட்டும். நாங்கள் ஏன் அதைத் தேடிப் போவான்?" என்றார் மாமா.

அந்தக் கிழமை எடுத்த அரிசி முழுவதும் ஒரு மண்பானைக்குள் போனது. அம்மா வாயைச் சீலைத்துண்டால் மூடி, கயிற்றால் மூன்று முடிச்சுப் போட்டார். பெரியப்பா அடுத்த ஞாயிற்றுக்கிழமை வருவதாக எழுதியிருந்தார். அவர் வரும்போது முடிச்சு அவிழாமல் இருந்தால் நான் வட்டக்கச்சியில், அவிழ்ந்திருந்தால் யாழ்ப்பாணத்தில். அன்றிலிருந்து காலையில் எழும்பியதும் என் முதல் வேலை அந்த மூன்று முடிச்சுகளையும் எண்ணுவது.

அப்பா கலண்டர்த் தாளின் பின்பக்கத்தில் திங்கள் முதல் சனி வரை சாப்பாட்டை எழுதிச் சுவரில் ஒட்டினார். கேழ்வரகை இடித்த குரக்கன் பிட்டு, அவித்த மரவள்ளி, காய்ந்த பனங்கிழங்கு மாவில் ஒடியற்கூழ், மீண்டும் மரவள்ளி. சீனிக்குப் பதிலாகப் பனங்கட்டி. இவற்றை நாங்கள் முன்பும் சாப்பிட்டிருக்கிறோம், ஆனால் சோற்றுக்கு நடுவில். சோறே இல்லாமல் சாப்பிடும்போது அதற்கு ஒரு திருவிழாக் களை வந்துவிட்டது. புதன்கிழமை கூழ் காய்ச்சியபோது மாமா பனையோலையில் ஆளுக்கொரு பிளா கோலித் தந்தார். எல்லோரும் முற்றத்தில் வட்டமாக இருந்து குடித்தோம். தம்பிக்கும் ஒரு சின்னப் பிளா. அவன் அதைக் கவிழ்த்துத் தலையில் வைத்துக்கொண்டான். அப்பா அப்படிச் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. மறுநாள் காலையில் வேலியடியில் மாமா அடுத்த வளவுக்காரரிடம், தான் மெலிந்து போனதாகவும் சாரம் இடுப்பில் நிற்கவில்லை என்றும் முறையிட்டார். அந்த வளவிலிருந்து அவருக்கு இரகசியமாக இடியப்பம் போனது எங்களுக்குப் பின்னர்தான் தெரியவந்தது.

சனிக்கிழமை மத்தியானம் மழை பிடித்தது. மரவள்ளியும் இடித்த சம்பலும் வயிறு நிறையச் சாப்பிட்டோம். முடிச்சுகள் மூன்றும் அப்படியே இருந்தன. இன்னும் ஒரு இரவுதான். வென்றுவிட்ட மகிழ்ச்சியில், எல்லோருக்கும் நானே தேத்தண்ணி போடுகிறேன் என்று அம்மாவிடம் கேட்டு அடுப்படிக்குப் போனேன். பால் விடாத வெறும் தேத்தண்ணிதானே, கொஞ்சம் மணமாக இருக்கட்டும் என்று ஒரு துண்டை நசுக்கிப் போட்டேன்.

மாமா ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "நல்லாயிருக்கு. என்ன பிள்ளை போட்டனீ?" என்று கேட்டார்.

"இஞ்சி."

மரவள்ளிக்கு மேல் இஞ்சி பட்டால் நஞ்சு என்பது எங்கள் பக்கத்தில் எழுத்துக்கூட்டத் தெரியாத பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அந்த நேரத்தில் நினைவு வரவில்லை, அவ்வளவுதான். கோப்பைகள் எல்லாம் காலியாக இருந்தன. அப்பா மணிக்கூட்டைப் பார்த்து, கலண்டர்த் தாளில் சனிக்கிழமைக்கு நேரே "மாலை 4.20, இஞ்சி" என்று எழுதினார். மாமா சாக்கை விரித்து நீட்டி நிமிர்ந்து படுத்தார்.

"அத்தான், என்ரை சைக்கிளை நீங்கள் வைச்சிருங்கோ. பெல் அடிக்காது, இப்பவே சொல்லிப்போட்டன்."

"நாங்களும் எல்லோ குடிச்சனாங்கள்" என்றார் அப்பா.

மாமா சாக்கில் எழுந்து இருந்தார். பிறகு, இதற்கு ஒரு முறிவு இருப்பதாகக் கிளிநொச்சிச் சந்தையில் யாரோ சொல்லக் கேட்டதாகச் சொன்னார். சுடச்சுடச் சோறு. வயிறு முட்டச் சாப்பிடவேண்டுமாம்.

அம்மா பானையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மூன்று முடிச்சையும் ஒவ்வொன்றாக அவிழ்த்தார்.

அம்மா அன்று தேங்காய் துருவினார். காலையில் மாமா வாய்க்காலில் பிடித்து வந்த விராலைப் பொரித்தார். என்னை முருங்கையிலை ஒடித்துவர அனுப்பி, அதை வறையாகச் சுண்டினார். நஞ்சு குடித்தவர்கள் வறைக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருக்கமாட்டார்கள் என்று எனக்குத் தோன்றப் பல வருடங்கள் ஆயின. அன்று நான் அழுதேன். செத்துப்போவோம் என்று அல்ல, முடிச்சு அவிழ்ந்ததற்காக. அழுதுகொண்டே மூன்று தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா ரயிலில் வந்து இறங்கினார். மாமா சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வந்தார். பானை கழுவிக் கவிழ்த்திருந்தது. அம்மா எதையும் மறைக்கவில்லை. கூழிலிருந்து இஞ்சிவரை எல்லாவற்றையும் சொன்னார். பெரியப்பா சத்தமில்லாமல் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். நான் அவர் இருந்த கதிரைக்குப் பின்னால் நின்றேன்.

"அண்ணை, நாங்கள் தோத்துப்போனம்" என்றார் அப்பா. "இனி நீங்கள் சொல்லுறதுதான்."

அம்மா உடனே, "ஒரு கணக்கு இருக்கு, கேளுங்கோ" என்றார். "பிள்ளை போனால் அவளின்ரை கூப்பனும் எல்லோ போகும்? அவள் தின்னுறது அரைக் கொத்து. மிச்சத்தைத் தின்னுறது இவன்."

பெரியப்பா மாமாவை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப இவனைக் கூட்டிக்கொண்டு போறன்."

"அங்கை சோறோ, மரவள்ளியோ?" என்று மாமா கேட்டார்.

அதோடு நான் போகும் விஷயம் முடிந்துவிட்டது. நான் மழைச்சேற்றில் வாய்க்கால்வரை ஓடிப்போய்த் திரும்பி வந்தேன். ஓடுவதற்குக் காரணம் எதுவும் இல்லை.

மறுநாள் புறப்படும் நேரத்தில் பெரியப்பா தன் பையிலிருந்து இரண்டு வெள்ளை ரிப்பனும் ஒரு சோடிச் சின்னச் செருப்பும் எடுத்துக் கொடுத்தார். செருப்பு எனக்கு அளவாக இருந்தது. எப்படி அளவு தெரிந்தது என்று நான் கேட்கவில்லை. பெரியப்பாவுக்கும் பெரியம்மாவுக்கும் பிள்ளைகள் இல்லை. அவர்கள் வீட்டில் கூப்பன் அரிசி வாங்கி மிஞ்சிக் கிடக்கும். ஒன்பது வயதில் எனக்கு அந்தக் கடிதம் அரிசியைப் பற்றிய கடிதம்தான்.

என் கல்யாணத்துக்கு முதல் நாள் பெரியம்மா ஒரு விஷயம் சொன்னார். அந்த மார்கழியில் தெருப்பக்க அறைக்கு வெள்ளையடித்து, சின்னக் கட்டில் ஒன்று செய்வித்து, பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் என் பெயரையும் பெரியப்பா பதிந்துவிட்டு வந்திருந்தாராம். கட்டிலை நானே பார்த்திருக்கிறேன். அதன்மேல் பழைய பத்திரிகைகள் அடுக்கியிருந்தன. பள்ளிக்கூடத்துக்கு இரண்டு முறை போய்க் கேட்டேன். 1967ஆம் ஆண்டு மாணவர் சேர்க்கைப் பதிவேடான சேர்விடாப்பு அங்கே இல்லை. என் பெயர் அதில் எழுதப்பட்டிருந்ததா என்பதை என்னால் இதுவரை உறுதிப்படுத்த முடியவில்லை.