துரையின் கல்லில் உடைத்த தேங்காய்

அன்றைக்கு வந்தவர்கள் யார் யார் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் நான் அங்கே இல்லை என்று சொல்லக்கூடாது.

நான். என் வீட்டுக்காரர் பெருமாள் (வாயால்தான் பெயர் சொல்ல மாட்டேன், எழுதலாம்). எங்கள் மகள் வசந்தி. வீட்டுக்காரரின் தங்கச்சி புஷ்பம். நானுஓயாவிலிருந்து மாப்பிள்ளைப் பையன் ரவி, அவன் அம்மா ராசம்மா. கடைசியாக வந்து சேர்ந்தவர், கோயிலைப் பார்த்துக்கொள்ளும் சூசை அண்ணன்.

அந்த வாசம் இன்னும் மூக்கில் இருக்கிறது... ஈரப் பாசி, சைப்ரஸ் மரம், அட்டைக்குப் பயந்து வீட்டுக்காரர் முழங்கால் வரை தேய்த்திருந்த துணி சோப்பு.

எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு மேலே, காட்டுக்குள்ளே, வெள்ளைக்காரத் துரைமார் கட்டிய கல்லுக்கோயில் ஒன்று இருக்கிறது. வேதக்காரர் கோயில், சர்ச்சு. சின்னது, நாலு குடும்பம் நின்றால் நிறைந்துவிடும். அங்கேதான் பெண் பார்க்க ஏற்பாடு.

ஏன் அங்கே என்று கேட்பீர்கள். நாங்கள் இருப்பது லயத்தில், வரிசை வீடுகள், ஒரே சுவர்தான் இரண்டு வீட்டுக்கும். அதற்கு முந்தி ஒரு மாப்பிள்ளை வீட்டார் லயத்துக்கே வந்து, பலகாரம் தின்று, டீயும் குடித்துவிட்டு, பிறகு வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள். அடுத்த நாள் கொழுந்து நிறுக்கும் இடத்தில் எல்லோர் வாயிலும் அதே பேச்சு. வசந்தி ஒரு வாரம் தலை நிமிரவில்லை. இன்னொரு தடவை அப்படி ஆனால் பிள்ளை இந்தத் தோட்டத்திலேயே இருக்க மாட்டாள் என்று எனக்குத் தெரியும்.

அதனால்தான் தற்செயலாகக் கோயிலில் சந்திப்பது போல ஒரு ஏற்பாடு. எங்கள் மாரியம்மன் கோயிலில் அப்போது திருப்பணி, சாமியை மூடி வைத்திருந்தார்கள். கல்லுக்கோயிலைச் சொன்னவள் புஷ்பம். இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

எந்தச் சாமியானாலும் வெறுங்கையோடு போகலாமா? வெற்றிலை, சூடம், ஒரு தேங்காய் கொண்டு போனேன். நல்ல காரியத்துக்கு முன்னால் ஒரு சிதறுகாய் போட்டால் தடங்கல் போகும் என்று நினைப்பு. வாசலிலேயே எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டோம். அந்தப் புல்லில் வெறுங்காலோடு நடந்தால் அட்டைக்குத்தான் விருந்து... ஆனாலும் கோயில் இல்லையா.

கதவு பூட்டியிருந்தது. கதவுக்கு நேர் முன்னால் தரையோடு தரையாக ஒரு தட்டைக் கல், பாசி மூடிக் கிடந்தது. நம் கோயில்களில் சிதறுகாய்க் கல் எங்கே இருக்குமோ, சரியாக அதே இடம்.

"அண்ணி, கல்லு இந்தா இருக்கு, ஒடைங்க" என்றாள் புஷ்பம்.

இருபத்தைந்து வருஷம் கொழுந்து பறித்த கை. ஓங்கிப் போட்டேன். தேங்காய் நாலா பக்கமும் பறந்தது. ராசம்மா குனிந்து பெரிய சில்லாகப் பார்த்து எடுத்து, சேலைத் தலைப்பில் துடைத்து, மெல்லத் தொடங்கினாள். எனக்குச் சந்தோஷம். நம் கையால் தின்றுவிட்டாள், இனி எங்கே போகப் போகிறாள் என்று நினைத்தேன்.

அப்போதுதான் சூசை அண்ணன் சாவியோடு வந்தார். கல்லைப் பார்த்தார். எங்கள் வாய்களைப் பார்த்தார். எல்லோரும் மென்றுகொண்டிருந்தோம்.

"அது தேங்கா ஒடைக்கிற கல்லு இல்லீங்கம்மா. கீழ தொர படுத்திருக்காரு."

பாசியைக் காலால் தள்ளிக் காட்டினார். அடியில் இங்கிலீஷ் எழுத்து. அது ஒரு துரையின் கல்லறை.

என் வீட்டுக்காரர் செய்ததை இன்றைக்கு நினைத்தாலும் சிரிப்பு வரும். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டி, காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்களத்தில் துரை முன்னால் நிற்பது போலக் கை கட்டி நின்று, கல்லைப் பார்த்து, "சலாங்க தொரை, பொம்பளைங்க தெரியாம செஞ்சுட்டாங்க" என்றார்.

புஷ்பமோ, நான் அப்போதே வேண்டாம் என்றேன், அண்ணிதான் கேட்கவில்லை என்று ராசம்மாவின் காதில் ஓதினாள். எனக்கும் கேட்கிற மாதிரி.

ராசம்மாவின் முகம் கறுத்துவிட்டது. நல்ல காரியத்துக்கு வந்த இடத்தில் கல்லறையில் தேங்காய் உடைத்தால் குடும்பம் எப்படி விளங்கும் என்று கேட்டாள். வாய் மட்டும் மெல்லுவதை நிறுத்தவில்லை. "ரவி, வாடா போவோம்" என்று மகனைக் கூப்பிட்டாள்.

வசந்தியின் தலை குனியத் தொடங்கியது.

ஆனால் ரவி நகரவில்லை. நகர முடியவில்லை. டவுனில் கடையில் நிற்கிற பையன், வெள்ளைக் காற்சட்டை போட்டு வந்திருந்தான். அந்த வெள்ளையில் முழங்காலுக்குக் கீழே சிவப்பு பரவிக்கொண்டிருந்தது. அவன் முகத்தில் ரத்தமே இல்லை, எல்லாம் காலுக்குப் போய்விட்ட மாதிரி நின்றான்.

குனிந்த தலை நிமிர்ந்தது. வசந்தி அப்பாவின் வெற்றிலைப் பையிலிருந்து சுண்ணாம்பை விரலில் எடுத்தாள். கீழே உட்கார்ந்து, அவன் காற்சட்டையைச் சுருட்டி, அட்டையின் தலையில் ஒரு பொட்டு வைத்தாள். அது சுருண்டு விழுந்தது.

"இதுக்கா இப்படி நிக்கிறீங்க? இன்னொன்னு ஏறுது பாருங்க, அசையாதீங்க."

பெண் பார்க்க வந்த இடத்தில் பெண் பேசுகிற பேச்சா இது... கண்ணை மூடிக்கொண்டேன்.

திறந்தபோது ரவி சிரித்துக்கொண்டிருந்தான். "எனக்குச் சரிம்மா" என்றான் தாயிடம். கால் இன்னும் வசந்தியின் கையில்தான் இருந்தது.

நானும் சூசை அண்ணனும் சேர்ந்து கல்லைக் கழுவினோம். போகும்போது அவர், துரைக்கும் ரொம்ப நாளைக்குப் பிறகு ஆள் வந்த மாதிரி இருந்திருக்கும் என்றார்.

இப்போது அந்தக் கல்லைச் சுற்றிச் சங்கிலி போட்டிருக்கிறார்கள். மூன்று மொழியிலும் போர்டு. காட்டுப் பாதைக்குக் கொங்கிரீட். வேனில் வந்து இறங்குகிறவர்கள் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் படம் பிடித்துவிட்டுப் போகிறார்கள், அட்டைக்கு ஒரு சொட்டு ரத்தம் கொடுப்பதில்லை. என் பேத்தி மாப்பிள்ளையை ஃபோனிலேயே பார்த்துவிட்டாள். பக்கத்து வீட்டுக்குக்கூடச் சத்தம் கேட்கவில்லை. நல்லதுதான். ஆனால் அந்தப் பையனுக்கு அட்டை கடித்தால் என்ன செய்வான் என்று யாருக்குத் தெரியும்?

பேத்தியின் கல்யாணப் பேச்சுக்குப் போன வாரம் எல்லோரும் கூடினோம். புது மாப்பிள்ளை வீட்டார் முன்னால் அந்தப் பழைய கதை மறுபடியும் வந்தது. "எங்க சம்மந்தி கல்லறையில தேங்கா ஒடைச்சவங்க" என்று. சபையே சிரித்தது.

சூசை அண்ணன் மேல் எனக்குக் கோபமே கிடையாது. துரையும் ஒன்றும் சொல்லவில்லை. புஷ்பத்தை அவள் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது மன்னித்துவிட்டேன், பாதி.

அந்தப் பெரிய சில்லை முழுசாகத் தின்று முடித்து, மிச்சத்தைப் பொறுக்கிப் பையிலும் போட்டுக்கொண்டு போனதை மட்டும் கதையில் சொல்லாமல் விடுகிறாளே, அவளை மன்னிக்க மாட்டேன்.

நானுஓயா ராசம்மாவைத்தான்.