நெவ்லின் நல்லதில்லை என்று சொன்னவர்

கமலநாதன் அண்ணனைப் பற்றிக் கிள்ளானில் எந்தப் பாட்டுக்காரரிடம் கேட்டாலும் இரண்டு விஷயம் சொல்வார். பேஸ் கிட்டாரில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஒரு சாமானைப் பற்றி அவர் வாயைத் திறந்து சொல்லிவிட்டால் அதற்குமேல் அப்பீல் இல்லை. முதல் விஷயத்தில் எனக்கும் சந்தேகம் கிடையாது. அவர் பக்கத்தில் நின்று பல வருடமாகப் பாடுகிறவள் நான். இரண்டாவது விஷயம்தான் எனக்கு எரிச்சல். மனுஷன் என்ன, சுப்ரீம் கோர்ட்டா?

பகலில் அவருக்குத் துறைமுகத்தில் வேலை. ஒரு ஃபார்வர்டிங் கம்பெனியில் கண்டெய்னர்களை அனுப்பிவைக்கும் பிரிவு. சனி ஞாயிறு வந்தால் எங்கள் பேண்டு. கல்யாண விருந்து, பிறந்தநாள், கோயில் திருவிழா என்று எங்கே கூப்பிட்டாலும் போவோம். அண்ணன்தான் ஹாலுக்கு முதல் ஆள். வந்ததும் ஆம்பை மேடையில் வைத்து, அதன் நெற்றியில் திருநீறு பூசி, மேலே ஒரு மஞ்சள் துணியை விரிப்பார். பேஸ் கிட்டாரைச் சும்மா மீட்டினால் பக்கத்தில் நிற்பவனுக்கே சரியாகக் கேட்காது. அந்தச் சத்தத்தைப் பெரிதாக்கி வெளியே விடுகிற பெட்டிதான் ஆம்ப். அவருக்கு அது பெட்டி இல்லை, சாமி.

அந்தத் துணிக்கு ஒரு கதை உண்டு. மகள் தாமரை குறைமாதத்தில் பிறந்து ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தபோது, முருகனிடம் வேண்டிக்கொண்டு, அடுத்த தைப்பூசத்துக்குப் பத்துமலையில் பால்குடம் எடுத்தார். அப்போது இடுப்பில் கட்டிய துணி அது. தாமரை இப்போது காஜாங்கில் காலேஜ் படிக்கிறாள், அப்பாவை எதிர்த்து நன்றாக வாயாடவும் செய்கிறாள். துணி மட்டும் போன வருடம் வரை ஆம்பை விட்டு இறங்கவில்லை. ஒரு தடவை தெரியாமல் அதன்மேல் தண்ணீர் போத்தலை வைத்துவிட்டு நான் வாங்கிக் கட்டிக்கொண்டது இன்னும் காதில் கேட்கிறது.

அவருடைய ஆம்ப் ஹெல்மோர். பழைய ஃப்ரிட்ஜ் மாதிரி இருக்கும், தூக்க இரண்டு பேர் வேண்டும். பேஸ் வாசிக்கிறவர்கள் இங்கே இரண்டு கட்சி. ஒன்று ஹெல்மோர், இன்னொன்று நெவ்லின். நெவ்லின் சின்னது, ஒற்றைக் கையில் தூக்கிக்கொண்டு போகலாம். அந்த நெவ்லினுக்கு இங்கே ஏஜென்ட் யார் என்றால், அண்ணனோடு ஒரே பெஞ்சில் படித்த திருச்செல்வம் அண்ணன். பிரிக்ஃபீல்ட்ஸில் அவருக்கு இசைக்கருவிக் கடை. இருவரும் சந்தித்தால் கிளாஸில் தே தாரிக் ஆறிப்போகும், சண்டை ஆறாது.

"இது ஆம்பாடா? சோத்துக்கு எடுத்துட்டுப் போற டிபன் கேரியர்லா இது" என்பார் கமலநாதன் அண்ணன்.

"ஒன் ஹெல்மோரத் தூக்க முதல்ல லோரி வேணும், தூக்கின பிறகு ஆஸ்பத்திரி வேணும்" என்பார் அவர்.

ஆஸ்பத்திரி விஷயம் பலித்துவிட்டது. போன வருடம் ஹெல்மோரைப் படியில் இறக்கும்போது அண்ணனுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. இனிமேல் கனம் தூக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கேள்விப்பட்ட அன்றே திருச்செல்வம் அண்ணன் ஒரு புது நெவ்லினைக் காரில் போட்டுக்கொண்டு கிள்ளானுக்கு வந்தார்.

"வச்சி வாசி. பிடிக்கலனா திருப்பிக் குடு. குரூப்புல நல்லா இருக்குன்னு நீ ஒண்ணும் சொல்ல வேணாம், சரியா?"

குரூப் என்றால் எங்கள் ஊர் இசைக்கலைஞர்களின் வாட்ஸ்அப் குரூப். கோலாலம்பூரிலிருந்து டெங்கில் வரைக்கும் உள்ள ஆட்கள் அதில் இருக்கிறார்கள். யாராவது ஒரு ஒயர் வாங்குவதென்றாலும் அதில் கேட்டுவிட்டுத்தான் வாங்குவார்கள். கேட்டால் எல்லாரும் கமலநாதன் அண்ணன் என்ன சொல்கிறார் என்று காத்திருப்பார்கள்.

நெவ்லினோடு முதல் நிகழ்ச்சி, கிள்ளானில் ஒரு கல்யாண மதிய விருந்து. ஆரம்பம் நன்றாகத்தான் இருந்தது. சத்தம் சுத்தமாக வருகிறதே என்று அண்ணன் எனக்குக் கண்ணைக் காட்டினார். மணமக்கள் உள்ளே நுழையும் பாட்டு. பெண் வாசலில், வீடியோக்காரர் பின்னால் நடக்கிறார், நான் பல்லவி எடுக்கிறேன். பொசுக்கென்று பேஸ் நின்றுவிட்டது. பேஸ் இல்லாத பாட்டு உப்பில்லாத சாம்பார்தான். அண்ணன் குனிந்து எதையோ தட்டினார், முறுக்கினார். கொஞ்ச நேரத்தில் வந்தது, திரும்பவும் போய்விட்டது. மாப்பிள்ளையின் மாமா மேடையருகே வந்து, "என்ன பாஸ், சாமான் சரியில்லாம வந்துட்டீங்களா?" என்று நாலு பேர் காதில் விழக் கேட்டார். அண்ணன் அப்படி ஒரு நாளும் பேச்சு வாங்கியவர் இல்லை. காதெல்லாம் சிவந்துவிட்டது.

கார் நிறுத்துமிடத்துக்கு வந்ததும் போனை எடுத்தார். வாய்ஸ் மெசேஜ் போடப்போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"அண்ணே, முதல்ல செல்வம் அண்ணனுக்குப் போன் போடுங்க. என்ன ஏதுன்னு கேளுங்க."

"நட்பு வேற, சவுண்டு வேற, புனிதா."

பொத்தானை அழுத்திப் பேசினார். "எல்லாருக்கும் சொல்றேன். நெவ்லின் வாங்காதீங்க. ஒரு விருந்து தாங்கல. இது ஆம்ப் இல்ல, வெளையாட்டுச் சாமான்."

அவ்வளவுதான். ஹெல்மோர் கட்சி கொண்டாடியது. நெவ்லின் கட்சி வாயை மூடியது. வாங்குகிறேன் என்று சொல்லிவைத்திருந்த பேண்டுகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. திருச்செல்வம் அண்ணன் மறுநாளே வந்தார். சண்டை போடவில்லை. கல்யாணத்தில் கழற்றிய கோபத்தில் அண்ணன் அப்படியே பையில் திணித்து வைத்திருந்த ஆம்பை, ஒயரும் மஞ்சள் துணியுமாக எடுத்துக்கொண்டார். "பார்க்கிறேன்டா" என்று மட்டும் சொன்னார். கடையில் வைத்து நாள் முழுக்க ஓட்டிப் பார்த்திருக்கிறார். ஒரு குறையும் இல்லை. குரூப்பில் "ஆம்ப் நல்லாத்தான் ஓடுது" என்று ஒரு வரி எழுதினார். விற்கிறவன் வேறு எப்படிச் சொல்வான் என்று சிரித்தார்கள். இந்த நிலைமையில் சிங்கப்பூரிலிருந்த மொத்த வியாபாரி, வருடக் கடைசிக்குள் விற்பனை எழும்பாவிட்டால் ஏஜென்சியை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவோம் என்று சொல்லிவிட்டார். அந்தக் கடையே நெவ்லினை நம்பித்தான் நின்றது.

உண்மை எப்படித் தெரிந்தது என்றால், எங்கள் டிரம்மர் அருண் அந்தக் கல்யாண வீடியோவை வாங்கி வந்தான். பேண்டு விளம்பரத்துக்கு நல்ல துண்டுகளை வெட்டி எடுக்கலாம் என்று எல்லாரும் என் வீட்டில் கூடினோம். நான் கறி பஃப் சுட்டு வைத்திருந்தேன். திரையில் விருந்து தொடங்குவதற்கு முந்திய காட்சி. அண்ணன் ஆம்புக்குத் திருநீறு பூசுகிறார். துணியை உதறி, நாலு பக்கமும் இழுத்து, அழகாக விரிக்கிறார். கேமரா கிட்டே போனது. துணி ஆம்பின் தலையில் ஒட்டிக்கொண்டு கிடந்தது. உள்ளிருந்து யாரோ உறிஞ்சுவது போல நடுவில் குழிந்திருந்தது.

அண்ணன் கையிலிருந்த பஃபைத் தட்டில் வைத்தார். "அதத் திரும்பப் போடு" என்றார்.

அருண் போட்டான். நானும் பார்த்தேன். ஹெல்மோருக்குக் காற்று போகும் துவாரம் முதுகுப் பக்கம். அதன் தலையில் கம்பளியே போர்த்தினாலும் ஒன்றும் ஆகாது. நெவ்லினுக்குக் காற்றை இழுக்கும் துவாரமெல்லாம் தலையில். அதை மூடி, மூச்சுத் திணற வைத்து, சூடாகி நின்றபோது விளையாட்டுச் சாமான் என்று திட்டியிருக்கிறார். அருணுக்கு ஒன்றும் புரியவில்லை, அடுத்த பாட்டுக்குப் போய்விட்டான். அண்ணன் என்னைப் பார்த்தார். நான் பார்வையை விலக்கவில்லை. அன்று அவர் அதற்குமேல் எதையும் சாப்பிடவில்லை.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அங்கேதான் எனக்குக் கோபம். குரூப்பில் யார் எதைக் கேட்டாலும் பதில் போடுவதை நிறுத்திக்கொண்டார். அருணும் இன்னொருவரும் தூக்கி வைத்த பழைய ஹெல்மோரில்தான் வாசித்தார், மேடையில் தாளம் முந்தியது. அவருக்குத் தாளம் முந்தி நான் பார்த்ததே இல்லை. வேலை முடிந்ததும் காரை எடுத்துக்கொண்டு பிரிக்ஃபீல்ட்ஸ் போவார், திருச்செல்வம் அண்ணன் கடைத் தெருவில் ஒரு சுற்று சுற்றிவிட்டு, துணியைக் கேட்டு வாங்கக்கூடக் கடைக்குள் கால் வைக்காமல் திரும்பிவிடுவார். "தூங்கவே மாட்டேங்கிறாரு புனிதா, என்னன்னு கேட்டா இடுப்பு வலிங்கிறாரு" என்று அவர் மனைவி மலர் என்னிடம் புலம்பினாள்.

ஒத்திகைக்கு வந்த இடத்தில் அவரைப் பிடித்தேன். "எப்போ சொல்லப் போறீங்க?"

"எப்படிச் சொல்றது புனிதா? சாமி துணி. அதால கெட்டுப்போச்சுன்னு என் வாயால எப்படிச் சொல்றது?"

"சாமிய ஏன் இழுக்கிறீங்க? முருகனா வந்து போர்த்தினாரு? போர்த்தினது நீங்க. பேசினதும் நீங்க. அங்க ஒருத்தரு கடைய மூடப்போறாரு, நீங்க சாமி பின்னால ஒளிஞ்சிக்கிட்டு இருக்கீங்க."

பெரியவரைப் பார்த்து அப்படிப் பேசியிருக்கக்கூடாது. ஆனால் பேசியதற்காக நான் வருத்தப்படவில்லை. அவர் கண் கலங்கிவிட்டது. "அவன் மூஞ்சியப் பார்க்க முடியலம்மா. கேவலமா இருக்கு" என்றார்.

மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் குரூப்பில் அவருடைய வாய்ஸ் மெசேஜ் வந்தது. பின்னால் துறைமுகத்து லோரிகளின் ஹாரன். எதையும் மறைக்கவில்லை. துணியைப் பற்றிச் சொன்னார், வீடியோவைப் பற்றிச் சொன்னார். "நெவ்லின்ல ஒரு தப்பும் இல்ல. தப்பு என்னோடது. செல்வத்துக்கிட்ட ஒரு வார்த்த கேட்காம நான் பேசிட்டேன். எல்லாரும் மன்னிச்சிருங்க" என்று முடிக்கும்போது குரல் உடைந்துவிட்டது. நான் அடுப்படியில் நின்று கேட்டு அழுதேன். அப்பாடா, சொல்லிவிட்டார் என்று இருந்தது.

பிறகு பதில்கள் வரத் தொடங்கின.

"ரெஸ்பெக்ட் அண்ணே."

"துணி போட்டா ஆம்ப் சாகுமா லா? கூட்டாளியக் காப்பாத்தப் பழிய தன்மேல போட்டுக்கிறாரு பாருங்க."

"இந்தக் காலத்துல இப்படி ஒரு மனசு யாருக்கு வரும்?"

கும்பிடுகிற கைகள் திரை நிறைய வந்து குவிந்தன. அண்ணன் பதறிப்போய், "பொய் இல்ல, நிஜமாத்தான் சொல்றேன்" என்று எழுதினார். அதற்கும் கும்பிடு. வீடியோவைக்கூட அனுப்பினார். வீடியோவில் துணி தெரிகிறது, அவ்வளவுதானே என்றார்கள். முதலில் சொன்னதை நம்பிய அத்தனை பேரும் இரண்டாவது சொன்னதை அன்பு என்று எடுத்துக்கொண்டார்கள். ஒருவர்கூட நெவ்லின் வாங்கவில்லை.

ஏஜென்சி போய்விட்டது. கடையைக் காலி செய்கிற நாளில் அண்ணன் என்னையும் துணைக்கு அழைத்துக்கொண்டு போனார். வாசலில் நெவ்லின் பலகையைக் கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள். திருச்செல்வம் அண்ணன் எங்களைப் பார்த்ததும், "வாடா, வாம்மா" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டார். பிறகு சாமி பட அலமாரியிலிருந்து அந்த மஞ்சள் துணியை எடுத்து வந்தார். மடிப்புக் கலையாமல் இருந்தது.

"துவைக்கலடா. சாமி துணி, என் இஷ்டத்துக்குத் துவைக்க மனசு வரல" என்றார்.

அண்ணன் பிரித்தார். நடுவில் கறுப்புக் கோடுகள். வரிசையாக, ஆம்பின் தலையில் இருக்கும் துவாரங்களின் அதே வரிசை. காற்றோடு இழுபட்ட தூசி படிந்து அச்சாகியிருந்தது.

"அன்னிக்கே தெரியுமாடா ஒனக்கு?"

"பையத் தொறந்த ஒடனே தெரியும்."

"அப்புறம் ஏன்டா குரூப்புல சொல்லல? போட்டோ எடுத்துப் போட்டிருந்தா அன்னிக்கே முடிஞ்சிருக்குமே."

திருச்செல்வம் அண்ணன் பலகையின் ஓரத்தில் ஒட்டியிருந்த டேப்பை நகத்தால் உரித்துக்கொண்டிருந்தார். "பால்குடம் தூக்கறப்போ ஒன் பக்கத்துல நடந்து வந்தவன்டா நான். தாமரைக்காகக் கட்டின துணி. அத ஊரு முன்னால எப்படிப் பிரிச்சுக் காட்டுவேன்? நீயே பார்த்துட்டு எங்கிட்ட வருவேன்னு இருந்தேன்."

அண்ணன் துணியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். இடுப்பு வலியையும் மறந்து கீழே உட்கார்ந்துவிட்டார். நானும் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டேன்.

அன்று கடையில் மிச்சமிருந்த நெவ்லின்களில் ஒன்றை எடுத்து வந்தார். இப்போது எல்லா நிகழ்ச்சியிலும் அதில்தான் வாசிக்கிறார். தலையில் எதுவும் விரிப்பதில்லை. துணி வீட்டில் சாமி அறையில் இருக்கிறது, கோடுகளோடு. ஆம்ப் இதுவரை ஒரு தடவைகூட நின்றதில்லை. ஆனால் எந்த மேடைக்குப் போனாலும் யாராவது வந்து அவர் கையைப் பிடித்துக்கொள்கிறார்கள். நண்பனுக்காக இந்த மட்டமான ஆம்பை வைத்துச் சமாளிக்கிறீர்களே அண்ணே, உங்கள் மாதிரி ஒரு மனுஷனைப் பார்க்க முடியாது என்கிறார்கள். முதலில் மறுத்துப் பார்த்தார். இப்போது தலையைக் குனிந்துகொள்கிறார். அதையும் அடக்கம் என்கிறார்கள்.