மயக்கம் தெளியும் நேரம்

"மயக்கம் தெளியும்போது ஆளுங்க ஏதாவது பேசுவாங்களா டாக்டர்?" என்று அப்பா கேட்டார்.

பித்தப்பையில் கல், எடுத்தே ஆகவேண்டும் என்று சொல்லி முடித்திருந்த டாக்டர் சிரித்தார். "சில பேர் உளறுவாங்க சார். போன வாரம் ஒருத்தர் மாமியாரைப் பத்தி மனசுல வச்சிருந்ததையெல்லாம் கொட்டிட்டார். அந்தம்மா பக்கத்துலயே நிக்கிறாங்க."

"என்ன சொன்னோம்னு அவருக்கு அப்புறம் ஞாபகம் இருந்துச்சா?"

"சுத்தமா இல்லை."

"அப்ப எனக்கு ஆபரேஷன் வேண்டாம்."

அப்பா எழுந்து நடந்துவிட்டார். மகள் ஸ்கேன் உறையை அள்ளிக்கொண்டு பின்னால் ஓடினாள்.

விஷயம் தெரிந்ததும் அம்மா வெடித்தாள். "எங்க போறீங்கன்னா வெளியூர். எப்ப வருவீங்கன்னா வரேன். இத்தனை வருஷக் குடித்தனத்துல மயக்கத்துலயாவது எனக்கு நாலு வார்த்தை கிடைக்கும்னு பார்த்தேன். அதுலயும் மண்ணா?"

ராணுவ உளவுப் பிரிவில் கர்னலாக ஓய்வு பெற்றவர் அவர். மகளுக்குத் தெரிந்ததெல்லாம் அந்த வேலையின் நிழல்தான். ஓட்டலில் வாசலைப் பார்த்த நாற்காலி அப்பாவுக்கு. அவளைப் பள்ளியில் விடப் போன வழியில் திரும்பி வரமாட்டார். போன் அடித்தால் வீடே வாயைப் பொத்திக்கொள்ளும். அப்படி வளர்ந்ததில் அவளுக்கும் பேச்சு வற்றிப்போனது. கல்லுளிமங்கி என்பாள் அம்மா.

வலி வந்தால் அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு கூடத்தில் குறுக்கும் நெடுக்குமாக நடப்பார். ஒருநாள் மகள் பொறுக்கமாட்டாமல் கேட்டாள். "ரிட்டயராகி எவ்வளவு காலமாச்சுப்பா. இனிமே யாரு அதையெல்லாம் கேட்கப்போறாங்க?"

அவர் ஜன்னல் கொக்கியை ஒருமுறை தொட்டுப் பார்த்தார். "நான்தான் ரிட்டயரானேன். எனக்குச் சேதி சொன்னவங்க இன்னும் எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்காங்க. கடை வச்சிருக்காங்க, பொண்ணைக் கட்டிக் கொடுத்திருக்காங்க. ஒரு பேர் வெளியே போனா ஒரு குடும்பமே போச்சு."

தன் வேலையைப் பற்றி அவர் வாய் திறந்தது அந்த ஒரு தடவைதான்.

பிறகு காய்ச்சல் வந்தது, கண் மஞ்சளித்தது. இனித் தள்ளிப்போட்டால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை என்றார் டாக்டர். மயக்கம் தெளியும்வரை மகள் கூடவே இருக்கலாம் என்று அவர் ஒப்புக்கொண்ட பிறகுதான் அப்பா கையெழுத்துப் போட்டார்.

ஆபரேஷன் அறை வாசலில் ஸ்ட்ரெச்சர் நின்றது. படுத்தபடியே அவர் கண்கள் ஒவ்வொரு கதவாகப் போய் வந்தன. மகளைக் குனியச் சொன்னார்.

"நான் வாயைத் திறந்தா நீ சத்தமா பேச ஆரம்பிச்சிடு. சண்டை போடு, திட்டு, என்ன வேணா பேசு. நான் சொல்றது நர்ஸ் காதுல விழக்கூடாது. உன் காதுலயும் விழக்கூடாதும்மா. நான் நிறுத்தற வரைக்கும் நீ நிறுத்தாதே."